செயலாளரின் ஆண்டறிக்கை: பச்சைப் புள்ளிப் பந்தும் சில சண்டைகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, தோழிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு நான் அறிக்கை வாசித்து முடிக்கும் முன்பே பின்வரிசையில் இருந்த மூன்று பேர் மட்டையை எடுத்துக்கொண்டு டென்னிஸ் கோர்ட்டுக்குப் போய்விட்டார்கள். அதனால் இந்த முறை வரவு செலவைப் பொருளாளரிடமே விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பெண்கள் டென்னிஸ் மன்றத்தில் ஆண்டுத் தொடக்கத்தில் 38 பேராக இருந்தோம், இப்போது 47 பேர். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், மூத்தவருக்கு 78. புதிதாகச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் அதற்கு முன் மட்டையைத் தொட்டதே இல்லை. இரண்டு பேர் ஆடுவதை நிறுத்தினார்கள். ஒருவர் மகளுடன் வேறு ஊருக்குப் போய்விட்டார். இன்னொருவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. ஆனாலும் அவர் வாரம் இரண்டு நாள் வந்து நடுவர் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். அவர் "அவுட்" என்று சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் மறுபேச்சு பேசுவதில்லை.

இந்த ஆண்டின் பெரிய விஷயம் பந்து. புதியவர்களுக்கு ஆரஞ்சுப் பந்து, விரும்பும் மற்றவர்களுக்குப் பச்சைப் புள்ளிப் பந்து என்று முதல் காலாண்டிலேயே செயற்குழு முன்மொழிந்தது. வழக்கமான மஞ்சள் பந்தைவிட பச்சைப் புள்ளிப் பந்து ஏறக்குறைய 25 சதவீதமும் ஆரஞ்சு 50 சதவீதமும் வேகம் குறைந்தவை. உள்ளழுத்தம் குறைவு என்பதால் அதிகம் எழும்பாது, கைக்கும் மென்மையாக இருக்கும். இதைச் சொன்னதுதான் தாமதம், "குழந்தைகள் ஆடும் பந்தை எங்கள் கையில் கொடுக்கிறீர்களா?" என்று ஒரு புயலே கிளம்பிவிட்டது. மறைக்காமல் சொல்கிறேன், அன்று நானும் எதிர்த்துத்தான் வாக்களித்தேன். முப்பது வருடமாக மஞ்சள் பந்தில் ஆடியவளுக்கு வரும் ரோஷம் அது.

என் மனது மாறியது ஒரு காலை நேரத்தில். இரண்டாவது கோர்ட்டில் எழுபதைக் கடந்த இரண்டு பேர் ஆரஞ்சுப் பந்தை அடித்துக்கொண்டிருந்தார்கள். இருபது தடவைக்கு மேல் பந்து வலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்தது. மூச்சு வாங்குகிறது, சிரிப்பும் நிற்கவில்லை. பக்கத்துக் கோர்ட்டில் மஞ்சள் பந்தோடு நாங்கள் நான்கு பேர். ஆட்டத்தைத் தொடங்க ஒரு சர்வ், வலையில் ஒரு அடி, அப்புறம் வேலி ஓரம் வரை நடந்து போய்க் குனிந்து பந்தைப் பொறுக்குவது. ஒரு மணி நேரத்தில் ஆடியதைவிடப் பொறுக்கியதுதான் அதிகம். பந்து ஆட்டத்தில் இருந்தால்தானே காலுக்கும் இதயத்துக்கும் வேலை? தோளைத் தலைக்கு மேல் தூக்க முடியாதவர்களுக்கு இடுப்புயரத்தில் வரும் பந்து எவ்வளவு பெரிய உதவி என்பதும் அன்றுதான் உறைத்தது.

மறுவாக்கெடுப்பில் 29 பேர் ஆதரவு, 11 பேர் எதிர்ப்பு. சனிக்கிழமை முழுக்க மஞ்சள் பந்துக்கே என்று ஒரு சமரசமும் செய்துகொண்டோம். எதிர்த்த 11 பேரில் சிலர் இப்போது வார நாட்களில் யாரும் பார்க்காத நேரத்தில் பச்சைப் புள்ளிப் பந்தோடு ஆடுகிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

விழுந்தவர்கள் கணக்கையும் சொல்லியாக வேண்டும். இந்த ஆண்டு நான்கு பேர் விழுந்தார்கள். அதில் மூன்று பேர் விழுந்தது ஒரே மாதிரிதான்: தலைக்கு மேல் போகும் லாப் பந்தைப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி ஓடி, குதிகால் தடுக்கி. ஒருவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு வேகமாக அடர்த்தி இழக்கிறது. அந்த நிலையில் கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு முறிய வாய்ப்பு அதிகம். நான்கு மாதம் கழித்து அவர் திரும்பி வந்து முதல் சர்வ் போட்டபோது மூன்று கோர்ட்டிலும் ஆட்டம் நின்று கைதட்டல் எழுந்தது.

அதன் பிறகு பயிற்சியாளர் எங்களைப் பிழிந்து எடுத்துவிட்டார். லாப் வந்தால் முதலில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பு, பிறகு ஓடு. எட்டாது என்று பட்டால் புள்ளியை விட்டுவிடு. இரண்டு மாதம் இதே பாடம்தான். ஆட்டம் தொடங்கும் முன் பத்து நிமிடம் ஒற்றைக்காலில் நிற்பது, கோட்டின் மேல் நடப்பது, உட்கார்ந்து எழுவது. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் குறைந்தது மூன்று நாள் சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சிகள் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதைத்தான். நான்காவதாக விழுந்தவர் ஓட்டப் பயிற்சிக் காலணி போட்டிருந்தார். அது நேராக ஓடுவதற்கு ஏற்றது, பக்கவாட்டில் தாவும்போது கணுக்காலைத் தாங்காது. டென்னிஸ் காலணி இல்லாதவர்களைக் கோர்ட்டுக்குள் விடுவதில்லை என்று இப்போது விதி வைத்திருக்கிறோம். கறாரான விதிதான், மன்னித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பலரும் வாய்விட்டுப் பேசாத ஒன்று. இயன்முறை மருத்துவர் ஒருவரை அழைத்து ஒரு கூட்டம் நடத்தினோம். "கேள்விகள் இருக்கிறதா?" என்று அவர் கேட்டதும் ஐந்து நிமிடம் மௌனம். பிறகு ஒரு குரல்: "சர்வ் போடத் துள்ளும்போது சிறுநீர் கசிகிறது. எனக்கு மட்டும்தானா?" அவ்வளவுதான், அணை உடைந்த மாதிரி எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகும் வயது ஏறும்போதும் இடுப்புத்தளத் தசைகள் தளர்வது வெகு சாதாரணம், முறையாகச் சுருக்கி விரிக்கும் பயிற்சியால் பலருக்கும் நன்றாகக் குறையும் என்று அவர் விளக்கினார். காரணம் சொல்லாமல் வருவதை நிறுத்தியிருந்த வேறு இரண்டு பேர் அடுத்த வாரமே வந்தார்கள். இந்த ஆண்டு நாம் செய்ததிலேயே உருப்படியான காரியம் இந்தக் கூட்டம்தான் என்பது என் கருத்து. தலைவர் பந்து என்பார்.

முழங்கை வலிக்காரர்கள் ஆறு பேர். மட்டையின் நரம்பு இறுக்கத்தைக் குறைத்ததும் புறங்கைப் பக்க அடியான பேக்ஹேண்டை இரண்டு கையாலும் அடிக்கப் பழகியதும் நான்கு பேருக்குக் கைகொடுத்தன. மற்ற இருவரும் ஓய்வில் இருக்கிறார்கள்.

அறிவிப்புப் பலகையில் யாரோ "டென்னிஸ் ஆடினால் ஆயுள் 9.7 ஆண்டு கூடும்" என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள். அந்த எண் பொய்யல்ல. கோபன்ஹேகனில் சுமார் 8,500 பேரை 25 ஆண்டுகள் வரை கவனித்து 2018இல் வெளிவந்த ஆய்வில் வந்ததுதான். உடலுழைப்பே இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் மெல்லோட்டம் ஓடியவர்களுக்கு 3.2, பேட்மின்டன் ஆடியவர்களுக்கு 6.2, டென்னிஸ் ஆடியவர்களுக்கு 9.7 ஆண்டு கூடுதல் என்று அது சொன்னது. ஆனால் ஏற்கெனவே உடல்நலமும் வசதியும் உள்ளவர்கள்தான் டென்னிஸுக்கு வருகிறார்களோ என்னவோ. டென்னிஸ்தான் ஆயுளைக் கூட்டியது என்று இப்படிப்பட்ட ஆய்வால் நிரூபிக்க முடியாது. கூடி ஆடுவதால் கிடைக்கும் தோழமையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள். முதலில் அந்தத் தாளைக் கிழிக்கச் சொன்னேன். பிறகு யோசித்து, "உத்தரவாதம் இல்லை, இருந்தாலும் வாருங்கள்" என்று கீழே ஒரு வரி சேர்த்து அங்கேயே விட்டுவிட்டேன்.

தோழமை என்றதும் சண்டை ஞாபகம் வருகிறது. கோட்டில் பட்டதா, வெளியே விழுந்ததா என்ற தகராறில் இருபது வருடத் தோழிகள் இருவர் மூன்று வாரம் பேசிக்கொள்ளவில்லை. சந்தேகம் வந்தால் புள்ளி எதிரணிக்கே என்பது டென்னிஸின் பழைய மரபு. அதைப் பெரிய எழுத்தில் எழுதி வலைக் கம்பத்தில் கட்டியிருக்கிறோம்.

நட்புப் போட்டி ஒன்றில் 4–2 என்று தோற்றோம். மூன்றாவது செட்டுக்குப் பதிலாக 10 புள்ளி டை-பிரேக் என்ற குறுகிய முடிவாட்டம் வைத்ததால் யாரும் மயங்கி விழவில்லை. தோற்றுத் திரும்பும் வழியில்தான் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் மூத்தோர் போட்டிகள் பற்றிப் பேச்சு வந்தது. 65 வயதுப் பெண்கள் அணிகளுக்கான கோப்பைக்கு 1924லும் 1926லும் விம்பிள்டன் வென்ற கிட்டி காட்ஃப்ரீயின் பெயர், 70 வயதுக்கானதற்கு 1957, 1958 விம்பிள்டன் சாம்பியன் ஆல்தியா கிப்சனின் பெயர். அந்தக் கோப்பைகளில் மஞ்சள் பந்துதான், அதனால் சனிக்கிழமைக் கோஷ்டிக்குத் திடீரென்று தெம்பு வந்திருக்கிறது. மார்ட்டினா நவ்ரத்திலோவா 2006இல் அமெரிக்க ஓபன் கலப்பு இரட்டையர் பட்டத்தை வென்றபோது ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் சொச்சம்தான் பாக்கி என்று ஒருவர் நினைவூட்டினார். "அவளுக்கு இன்னொருத்தர் கூட ஓடினாரே, எனக்கு நீ ஓடுவாயா?" என்று பின் இருக்கையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

செயலாளர் பதவிக்கு இதுவரை ஒரு விண்ணப்பமும் வரவில்லை. வேலை ஒன்றும் கடினமில்லை, பந்துப் பெட்டியின் சாவியைத் தொலைக்காமல் வைத்திருந்தால் போதும். நான் இரண்டு முறை தொலைத்திருக்கிறேன். அடுத்து வரவு செலவு அறிக்கை, பொருளாளர் அவர்களை அழைக்கிறேன். பின்வரிசைத் தோழிகளே, மட்டையைக் கீழே வையுங்கள். சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.