தம்பி ரிஸ்வானுக்கு: அந்தத் தொழுவ வாடையைப் பற்றி

அன்புள்ள தம்பி ரிஸ்வானுக்கு,

நிக்காஹ்வுக்கு ஊத், அதாவது அகில் கட்டையிலிருந்து இறக்குகிற வாசனை எண்ணெய், வாங்கலாம் என்று துபாய் தேராவில் அத்தர் கடைப்பக்கம் போயிருக்கிறாய். கடைக்காரர் மணிக்கட்டில் தடவிவிட்ட அஸ்ஸாம் ஊத் எண்ணெயை மோந்துவிட்டு, "மாட்டுத் தொழுவம் மாதிரி இருக்கு காக்கா" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாய். அன்றைக்கே சாயங்காலம் மாலில் டாம் ஃபோர்டின் ஊத் வுட் சென்ட் அடித்துப் பார்த்து அதில் மயங்கியும் போய்விட்டாய். இரண்டில் எது அசல் என்று கேட்கிறாய். இது போனில் சொல்லித் தீர்கிற சமாசாரம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் தொழுவம். உன் மூக்கில் பிழையே இல்லை. அஸ்ஸாமில் ஹோஜாய் வட்டாரத்தில் ஊத் கட்டையைச் சின்னச் சின்னத் துண்டாக்கி வாரக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போடுவார்கள், அது புளித்து நுரைகட்டின பிறகுதான் வாலையில் ஏற்றி நாள்கணக்கில் காய்ச்சி எண்ணெய் இறக்குவது. அந்தப் புளிப்புதான் உனக்கு முதல் மூச்சிலேயே ஏறியிருக்கிறது. ஹிந்தி ஊத், அதாவது இந்திய ஊத், என்று அரபுக்காரர்கள் தேடித்தேடி வாங்குவது இதைத்தான். சும்மா இல்லை, 1951-ல் அஜ்மல் அத்தர் நிறுவனத்தைத் தொடங்கிய ஹாஜி அஜ்மல் அலி இதே ஹோஜாய்க்காரர்.

நீ செய்த ஒரே தப்பு, அஞ்சு நிமிஷத்தில் கையைக் கழுவிவிட்டு வந்ததுதான். கழுவாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். அரைமணி நேரத்தில் புளிப்பு அடங்கி, பதப்படுத்தின தோல் வாசனையும் லேசான புகையும் மேலே வரும். ரெண்டு மூணு மணி நேரம் கழித்து, நீ அதை மறந்துவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது, கையை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தால் தேன் மாதிரி ஒரு கனிந்த இனிப்பு, அதற்கு அடியில் மழையில் நனைந்த மரம். மறுநாள் காலையில் சட்டைக் கையில் அது மட்டும்தான் மிச்சம் இருக்கும். இந்த எண்ணெயில் இருக்கிற மூலக்கூறுகள் கனமானவை, சீக்கிரம் ஆவியாகாதவை. எலுமிச்சை வகை வாசனை எல்லாம் பறந்துபோன பிறகும் இது தோலில் உட்கார்ந்திருப்பதற்கு அதுதான் காரணம். ஊத்தின் குணமே இந்த நிதானம் என்றுதான் நான் நினைக்கிறேன். அதை முதல் நிமிஷத்தில் வைத்து எடைபோட முடியாது.

மரத்தின் கதையும் அப்படியே. நம் பழைய பாட்டுகளில் பெண்கள் கூந்தலுக்குப் புகையூட்டினார்களே, அந்த அகில்தான். நோய் நொடி இல்லாத அகில் மரத்தை வெட்டினால் உள்ளே வெளுத்த, எடையில்லாத கட்டைதான், மோந்தால் சொல்லும்படியாக ஒரு வாசமும் இருக்காது. புழு துளைத்து, அந்தக் காயத்தில் பூஞ்சை ஏறினால்தான் மரம் தன்னைக் காத்துக்கொள்ளப் பிசின் சுரக்கும். பிசின் ஊறின இடம் கறுத்துக் கனத்துப்போகும், நல்ல கட்டை தண்ணீரில் போட்டால் மூழ்கும். எல்லா மரத்திலும் அது இருக்காது. இருக்கிறதா என்று தேடித் தேடியே காட்டு மரங்களை வெட்டித் தீர்த்தார்கள், 1995-ல் இந்த மரத்தை, அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டியதாயிற்று. இப்போது தோட்டங்களில் வளர்த்து, துளைபோட்டுப் பூஞ்சையைச் செலுத்தியும் எடுக்கிறார்கள். விலை ஏன் அப்படி என்று இனி கேட்கமாட்டாய்.

சரி, ஊத் வுட். 2007-ல் வந்தது. அதற்கு முன்னால் 2002-லேயே ஈவ் சாங் லோரான் என்கிற பிரெஞ்சு நிறுவனம் எம்7 என்று ஒரு சென்ட் கொண்டுவந்து மேற்கத்திய ஆண்களுக்கு ஊத்தை அறிமுகப்படுத்தியது, அப்போதும் பின்னால் இருந்தவர் டாம் ஃபோர்டுதான். ஊத் வுட் அழகான வேலை, அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. அடித்ததும் ஏலக்காயும் மிளகும், அப்புறம் சந்தனம், வெட்டிவேர், கடைசியில் டோங்கா விதையின் மெல்லிய இனிப்பு. ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போகலாம், லிப்டில் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஆனால் அதில் உன்னை மயக்கியது ஊத்தைச் சுற்றி இருக்கிற மற்ற எல்லாம். தொழுவம் இல்லை, தோல் இல்லை, அந்த முரட்டுத்தனம் துளியும் இல்லை. பொதுவாகவே இந்த மாதிரி ஸ்பிரே பாட்டில்களில் ஊத் வாசனைக்கு ஆய்வகத்தில் செய்த சேர்மங்களைத்தான் பெரும்பாலும் நம்புகிறார்கள். அதைக் குற்றம் என்று சொல்லமாட்டேன், வாங்குகிறவன் தெரிந்து வாங்கினால் போதும்.

இங்கே ஒரு அரபு வீட்டு மஜ்லிஸில், விருந்தினர் கூடத்தில், உட்கார்ந்து பார்த்தால்தான் ஊத் எதற்கு என்று புரியும். சாப்பாடு, கஹ்வா காப்பி எல்லாம் முடிந்ததும் மப்கரா என்கிற தூபக்காலில் கனலின் மேல் ஒரு துண்டு கட்டையை வைத்து ஆள் ஆளாகக் கொண்டுவருவார்கள், தலைத்துணியை விரித்துப் புகையை வாங்கிக்கொள்ள வேண்டும். ஊத் வந்த பிறகு உட்காருவதில்லை என்று ஒரு பேச்சே உண்டு, விருந்து முடிந்தது என்று அர்த்தம். வந்தவர் அந்த வீட்டு வாசனையோடு வீடு போய்ச் சேருவார். எத்தனை பெரிய மரியாதை பார்!

நிக்காஹ்வுக்கு நான் சொல்வது கம்போடி, அதாவது கம்போடியா வகை ஊத். பழ இனிப்பு, ஹிந்தி அளவுக்கு முரடில்லை, உன் வீட்டுக்காரிக்கும் தலைவலி வராது. கால் தோலா போதும், மூணு மில்லிதான், ஆனால் குச்சியால் ஒரு தொடு தொட்டுக் காதுக்குப் பின்னாலும் மணிக்கட்டிலும் வைத்தால் அன்றைக்கு முழுக்கப் போதும். வெள்ளைத் துணியில் மட்டும் வைத்துவிடாதே, பழுப்புக் கறை பிடித்தால் போகாது. ஊத் வுட்டும் வேண்டுமானால் வாங்கிக்கொள், அது ஆபீசுக்கு.

வெள்ளிக்கிழமை மக்ரிபுக்கு அப்புறம் நான் ஷார்ஜாவிலிருந்து வந்துவிடுகிறேன், அந்தக் கடைக்குச் சேர்ந்தே போவோம். வேறு எந்த சென்டும் அடிக்காமல் வா. இந்த முறை கையைக் கழுவாமல் சாப்பாட்டுக்குப் போய்விட்டு, ராத்திரி திரும்பிவந்து விலை பேசலாம்.

அன்புடன்,
உன் காக்கா