பினாங்கு மாணவர் நாடகக் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கும் தலைவருக்கும் செயலவையினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு உறுப்பினர் சேர்க்கையும் நடிப்புப் பயிலரங்கும் குறையின்றி நடந்தேறின. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். வரும் பருவத்தில் மேடையேறவிருக்கும் இசை நாடகத்தை நாம் தேர்ந்தெடுத்த விதத்தையே இவ்வறிக்கையில் விரிவாகப் பதிவுசெய்ய விரும்புகிறேன்.

சென்ற முறை நாடகத்தை முதலில் முடிவுசெய்துவிட்டுக் குரல்களைப் பிறகு தேடினோம். நாயகியாக நடித்த தங்கை தன் சுருதிக்கு மேலே பாடிப் பாடித் தொண்டை கட்டிப்போய், மேடையில் ஒலிப்பதிவுக்கு வாயசைக்க நேர்ந்தது. அத்தவறு அவருடையதன்று, செயலவையுடையது. அந்த வருத்தம் என்னை விட்டு இன்னும் நீங்கவில்லை.

ஆகவே இம்முறை ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் சிரமமின்றிப் பாடக்கூடிய கட்டையை, அதாவது சுருதியின் அளவை, முதலில் குறித்துக்கொண்டோம். வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் குரல் ஐந்து கட்டையை ஒட்டியும், ஆண்கள் குரல் ஒன்று, ஒன்றரைக் கட்டையிலும் அமைந்தன.

சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) வள்ளி திருமணத்தைப் பலர் விரும்பினர். ஆயினும் அதன் உயிரே வள்ளியோடு வேலனும் நாரதரும் நடத்தும் தர்க்கப் பாட்டுகளில்தான் இருக்கிறது. மேடையிலேயே பதிலுக்குப் பதில் பாடப் பழகிய ஆண் குரல்கள் நம்மிடம் இல்லை. திரைப்பாடல்களைக் கோத்துக் கதை சொல்லும் யோசனையும் வந்தது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி இலக்கிய, இசைப் படைப்புகளின் உரிமை படைத்தவர் மறைந்து 50 ஆண்டுகள் வரை நீடிப்பதால், ஒவ்வொரு பாட்டுக்கும் அனுமதி தேடியே பருவம் கழிந்துவிடும் என்று அதைக் கைவிட்டோம்.

முடிவில் 18ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி என்னும் பாட்டு நாடகத்தைத் தேர்ந்தோம். வசந்தவல்லி, அவள் தோழியர், குறி சொல்லும் குறத்தி சிங்கி என முக்கியப் பாத்திரங்கள் பலவும் பெண்களே. பாட்டுகளுக்கு உரிய இராகமும் தாளமும் நூலிலேயே குறிக்கப்பட்டுள்ளன. நூல் பொதுவுடைமைதான் என்றாலும், அண்மைக்கால இசையமைப்பாளர் எவருடைய மெட்டையும் எடுத்தாளக் கூடாது; மெட்டுகளை நம் மாணவர்களே அமைக்கின்றனர்.

பெரிய சிக்கல் சிங்கியும் அவள் கணவன் சிங்கனும் எதிரெதிரே பாடும் கடைசிப் பகுதியில் எழுந்தது. ஒரே கட்டையில் பாடவைத்தால் இருவரில் ஒருவர் குரல் உடையும். அது கேள்வியும் மறுமொழியுமாக அமைந்திருப்பதால், இடையில் மிருதங்கத்தின் தாளச் சொற்களை ஒலிக்கவிட்டு அவரவர் சுருதிக்கு ஆர்மோனியத்தை மாற்றிக்கொள்ளத் தீர்மானித்தோம். இரண்டு ஒத்திகைகளில் அது நன்றாகவே வந்தது.

குற்றால மலையை நம் தண்ணீர்மலையாக மாற்றிப் பாடலாம் என்று சில தம்பிமார் கேட்டனர். ஆர்வம் புரிகிறது, ஆனால் வசந்தவல்லி மனம் கொடுப்பது குற்றாலநாதரான சிவனிடம், தண்ணீர்மலையிலோ முருகன் வீற்றிருக்கிறார். செய்யுளைத் தொடாமல், நாடகத்தை அறிவிக்கும் கட்டியக்காரனின் உரைநடையில் மட்டும் நம் ஊரைக் கொண்டுவர இசைந்தோம். காட்சி மாறும் வேளையில் அவன் திரைக்கு முன் வந்து பேசுவான். பார்சி நாடகக் குழுக்களின் வருகையால் இதே பினாங்கில் பிறந்த பங்சாவான் என்னும் மலாய் நாடகத்திலும் காட்சி மாற்றத்தின்போது திரைக்கு முன் ஆடிப் பாடுவது வழக்கமாக இருந்தது.

சிங்கன், சிங்கி பகுதியைக் குறவர்களைக் கேலி செய்யும் சிரிப்புக் காட்சியாக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். மலைவளத்தை அவ்வளவு நுட்பமாகப் பாடுகிறவள் சிங்கிதான். உடையிலும் பேச்சிலும் அவளுக்குரிய மதிப்புக் குறையலாகாது. இயக்குநரும் இதை ஏற்றுக்கொண்டார்.

நாடகம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கப்பட்டுள்ளது. முதல் ஆறு வாரம் பாட்டு மட்டுமே. அசைவுகள் அதன் பின்னரே தொடங்கும். தேர்வு வாரங்களில் ஒத்திகை இல்லை. சிங்கனுக்கு இன்னும் ஆள் அமையவில்லை. பாட விருப்பமுள்ளவர்கள் இக்கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்