சிதம்பரத்தின் வாக்குகளைக் கலந்து எண்ணுங்கள்

இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கு,

வணக்கம். சிதம்பரம் (தனி) மக்களவைத் தொகுதியின் வாக்காளர் நான். எங்கள் ஊர்களில் சாவடிவாரியாக எண்ணாமல், பல சாவடிகளின் வாக்குகளைக் கலந்து எண்ணுங்கள் என்று கேட்டு இதை எழுதுகிறேன்.

2019இல் தொல். திருமாவளவன் இங்கே 5,00,229 வாக்குகள் பெற்றார். அதிமுக வேட்பாளர் சந்திரசேகர் பெற்றது 4,97,010. வித்தியாசம் வெறும் 3,219. அதற்கு மூன்று வருடம் முன்பு, இதே தொகுதிக்குள் அடங்கிய காட்டுமன்னார்கோவிலில், சட்டமன்றத் தேர்தலில் திருமாவளவன் தோற்றது 87 வாக்குகளில். 2024இல் வித்தியாசம் ஒரு லட்சத்தைத் தாண்டியதால் போட்டி தளர்ந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அதிமுகவும் பாஜகவும் தனித்தனியாக நின்ற தேர்தல் அது. அந்த இரண்டு வேட்பாளர்களின் வாக்குகளைக் கூட்டினால் வென்றவரைவிட அதிகம். 2019இல் அவர்கள் ஒரே அணியில் இருந்தார்கள்.

காங்கிரஸின் வள்ளல்பெருமான் 1984, 89, 91 என மூன்று முறை தொடர்ந்து வென்ற காலம் வேறு. 1998க்குப் பிறகு பாமக, விசிக, அதிமுக என்று தொகுதி கைமாறிக்கொண்டே இருக்கிறது. தனித்தொகுதி என்பதால் எல்லாக் கட்சியும் தலித் வேட்பாளரையே நிறுத்துகிறது. ஆனாலும் சண்டை ஊருக்கும் சேரிக்கும் நடுவே மூள்கிறது. 1999இல் சிதம்பரம் பகுதி தலித் கிராமங்கள் தாக்கப்பட்டன. பலரால் வாக்குச்சாவடிக்கே போக முடியவில்லை. 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாளிலேயே, இதே தொகுதியின் பொன்பரப்பி கிராமத்தில் தலித் மக்களின் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. மறுவாக்குப்பதிவு கேட்டார்கள். நீங்கள் தரவில்லை. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் ஒவ்வொரு சாவடியின் கணக்கையும் தனித்தனியாக வெளியிடுகிறீர்கள். சாவடிவாரி முடிவுகள் அடங்கிய படிவம் 20ஐப் பார்த்தால் எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்பது தெரிந்துவிடும். ரகசிய வாக்கு என்கிறோம், ஆனால் ஒரே சாவடியில் ஒரு தெரு முழுக்க வாக்களிக்கும்போது ரகசியம் எங்கே மிஞ்சுகிறது? வாக்குச்சீட்டுக் காலத்தில், மிரட்டல் பயம் உள்ள இடங்களில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண விதியில் இடம் இருந்தது. இயந்திரம் வந்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது.

இது உங்களுக்குத் தெரியாததும் இல்லை. பதினான்கு இயந்திரங்களின் வாக்குகளை ஒன்றாகக் கூட்டும் 'டோட்டலைசர்' கருவியைக் கொண்டுவர 2008இலேயே நீங்கள்தான் முன்மொழிந்தீர்கள். 2015இல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. மத்திய அரசு மறுத்துவிட்டது. சாவடிவாரியாகத் தெரிந்தால்தான் வேட்பாளர்கள் பின்தங்கிய இடங்களில் கூடுதலாக வேலை செய்வார்களாம். வாக்குப் போடாத தெருவைத் தேடிப்போய் ரோடு போடுவார்கள் என்பதை எங்கள் பக்கத்தில் யாரும் நம்பமாட்டார்கள்.

சரி, கலந்து எண்ணினால் முறைகேட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கலாம். சாவடியில் மொத்தம் எத்தனை வாக்கு பதிவானது என்பதைக் காட்டும் 17சி படிவம் முகவர்கள் கையில் அப்போதும் இருக்கும். இயந்திரத்தின் கணக்கோடு ஒப்புகைச் சீட்டுகளை (விவிபாட்) ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனைக்கு எடுக்கும் சில சாவடிகளை மட்டும் தனியே எண்ணிக்கொள்ளலாம்.

2008இல் அனுப்பிய முன்மொழிவைத் தூசி தட்டி மறுபடியும் சட்ட அமைச்சகத்துக்கு அனுப்புங்கள். நாடு முழுக்க ஒரே நேரத்தில் முடியாதென்றால், வாக்குப்பதிவு நாளில் சாதி மோதல் நடந்த தொகுதிகளில் தொடங்குங்கள். குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம், புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் ஆகிய எங்கள் ஆறு சட்டமன்றத் தொகுதிகளையும் அந்தப் பட்டியலில் முதலில் சேருங்கள்.

இப்படிக்கு,
சிதம்பரம் தொகுதி வாக்காளர் ஒருவர்