நவம்பர் 22

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு,

உன் தாத்தா எனக்கு இப்படித்தான் எழுதுவார். நானும் உனக்கு இப்படியே எழுதி வந்திருக்கிறேன். இந்தத் தடவை முதல் வரியை எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். வாசிக்கும்போது உனக்கு மனம் கசக்குமோ என்று தோன்றியது. ஆனாலும் அடிக்கவில்லை. வேறு மாதிரி கடிதம் தொடங்க எனக்குத் தெரியாது மக்களே.

நான் சுகம். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அக்காள் போன ஞாயிறு பிள்ளைகளோடு வந்திருந்தாள். சின்னவனுக்கு முன்பல் விழுந்துவிட்டது. வடசேரி வீட்டு விஷயமாகப் பெரியம்மா மறுபடியும் பேசினார்கள். அதை நீ மனதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நான் கேட்க வந்தது வேறு. உன் பித்தளை ஊதுகருவியை, அந்த டிராம்போனைக் கையில் எடுக்கிறாயா? முன்பு ஒரு தடவை கேட்டபோது நேரமில்லை என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டாய். பெட்டிக்குள்ளேயே கிடந்தால் அது கெட்டுவிடும். வாரம் ஒரு முறையாவது உள்குழாயைத் துடைத்துவிடு. பழைய களிம்பை முழுக்கத் துடைத்து எடுத்த பிறகு, புதியதை ஒரு துளி மட்டும் தடவி, மேலே கொஞ்சம் தண்ணீர் தெளி. களிம்பு அதிகமானால் குழாய் இழுபடாது. குழாயில் ஒரு சின்ன நெளிவு விழுந்தாலும் வீணாகிவிடும், சுவரில் சாய்த்து வைக்காதே. ஊதுகிறாயோ இல்லையோ, துடைத்தாவது வை.

பள்ளி பேண்டில் முதல் டிராம்போனாக உன்னை உட்கார வைத்தார்கள். அம்மாவுக்கு அதில் எவ்வளவு பெருமை! வந்தவர்களிடமெல்லாம் சொல்லுவாள். நான் சொன்னதில்லை. எனக்கும் பெருமைதான்.

ஃபைவ் ஐயர்ன் ஃப்ரென்சி என்ற கிறிஸ்தவ ஸ்கா இசைக்குழுவின் இரண்டாவது ஆல்பத்தை நீ வீட்டுக்குக் கொண்டு வந்தது 1997-ல். சபையில் யாரோ கடனாகக் கொடுத்தது. நீ அப்போது ஆறாம் வகுப்பு. நம் டென்வர் ஊர்ப் பிள்ளைகள் அப்பா, 1995-ல் தொடங்கினார்கள், எட்டுப் பேர், அதில் மூன்று பேர் ஊதுகிறவர்கள், சாக்ஸபோன் ஊதுவது ஒரு பெண் என்று மூச்சுவிடாமல் சொன்னாய். அதற்கு முன் அவர்களில் சிலர் எக்ஸ்யூமேட்டர் என்ற பெயரில் காது கிழியும் வன்மையான இசை வாசித்தவர்கள் என்பதையும் நீதான் சொன்னாய். அந்தப் பெயரைக் கேட்டே எனக்குப் பயம் வந்தது. பிறகு கலிபோர்னியாவின் ஓ.சி. சூப்பர்டோன்ஸ் வந்தது, 1998-ல் டெட்ராய்ட்டின் இன்சிடர்ஸ் வந்தது. இன்சிடர்ஸ் மட்டும் எனக்குக் கொஞ்சம் பிடித்தது. ஆராதனைப் பாடல்களையே எடுத்து அவர்கள் ஸ்காவாக வாசித்திருந்தார்கள், எனக்குத் தெரிந்த பாட்டுகள் அதில் இருந்தன.

ஸ்கா என்றால் என்ன என்று நீ எனக்கு மேசையில் தட்டிக் காட்டிய நாள் நினைவிருக்கிறதா? ஒன்று, இரண்டு என்று என்னை எண்ணச் சொன்னாய். நான் எண்ணுகிற இடத்தில் நீ தட்டவில்லை. இரண்டு எண்களுக்கும் நடுவில் தட்டினாய். கிதார் அங்கேதான் விழும் என்றாய். அம்மா அடுப்படியில் இட்லி மாவைக் கலக்கிக்கொண்டே அந்த நடுவிடத்தில் கரண்டியைத் தட்டினாள், சரியாக விழுந்தது. எனக்கு மட்டும் வரவில்லை.

சாண்ட் கிரீக் பற்றி எனக்குச் சொன்னவனும் நீதான். கொலராடோவில் பத்து வருடமாக வேலை செய்து, வரி கட்டி, வீடு வாங்கியவன் நான். 1864 நவம்பர் 29 அன்று இதே மண்ணில் செயேன், அரபாஹோ பூர்வகுடி மக்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் பட்டாளம் கொன்றதை நான் கேள்விப்பட்டதே இல்லை. பிளாக் கெட்டில் என்ற தலைவர் தம் கூடாரத்துக்கு மேல் அமெரிக்கக் கொடியைப் பறக்கவிட்டிருந்தார், அப்படியும் சுட்டார்கள் என்று பதினொரு வயதுப் பையன் சாப்பாட்டு மேசையில் சொன்னாய். பட்டாளத்தை நடத்திய சிவிங்டன் ஒரு மெத்தடிஸ்ட் போதகராக இருந்தவர் என்றும் சொன்னாய். பிளாக் கெட்டிலைப் பற்றி ஃபைவ் ஐயர்ன் ஃப்ரென்சி பாடியதைக் கேட்டுவிட்டு, நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்திருக்கிறாய். அன்று நான் உன்னை மெச்சியிருக்க வேண்டும். சுவிசேஷக் குழுவுக்கு இதெல்லாம் எதற்கு, இயேசுவைப் பாடினால் போதாதா என்று கேட்டேன். இதுவும் அதுதானே அப்பா என்றாய். தட்டைப் பார்த்துச் சாப்பிடு என்றேன்.

அது கோயிலுக்கு ஏற்ற இசை இல்லை என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! சொன்னவன் யாருடைய மகன்? நாகர்கோவிலில் இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ சபையின் பேண்டில் நாற்பது வருடம் டிராம்போன் ஊதியவரின் மகன். கிறிஸ்துமஸ் நாட்களில் அவர் பின்னால் தெருத்தெருவாக நடந்தவன். சேனையின் முதல் பேண்டு 1878-ல் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் ஃப்ரை என்ற ஒரு தகப்பனும் மூன்று மகன்களும் தெருவில் ஊதியதில் பிறந்தது என்று தாத்தா சொல்லுவார். பித்தளையைத் தெருவில் ஊதி ஆண்டவரைப் பாடுவது அந்தக் காலத்து மரியாதைக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை என்றும் சொல்லுவார். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் உன்னைத் தடுத்தேன்.

இன்னொன்றும் இப்போதுதான் படித்தேன். ஸ்கா பிறந்த ஜமைக்காவில், கிங்ஸ்டன் நகரில், ஏழைப் பையன்களுக்காகக் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆல்ஃபா என்ற பள்ளி இருந்தது. அங்கே பேண்டில் ஊதக் கற்ற பிள்ளைகள்தான் வளர்ந்து, 1964-ல் ஸ்கடலைட்ஸ் என்ற குழுவில் சேர்ந்து அந்த இசையை உலகத்துக்குக் கொடுத்தார்கள். அவர்களில் டான் டிரம்மண்ட் என்ற பெரிய டிராம்போன்காரரும் உண்டு. நீ இதை அறிந்திருப்பாய். அறிந்தும் என்னிடம் சொல்லவில்லை என்றால், சொல்லிப் பயனில்லை என்று நினைத்திருப்பாய்.

இப்போது கெர் விஷயத்துக்கு வருகிறேன். அதைப் பேசாமல் இந்தக் கடிதம் முடியாது.

ஸ்காட் கெர் 1998-ல் ஃபைவ் ஐயர்ன் ஃப்ரென்சி குழுவைவிட்டு விலகினார். கிதார் வாசித்தவர், மெட்டுப் போட்டவர். விசுவாசம் அவரிடம் நிற்கவில்லை என்பதை நீதான் எங்கேயோ அறிந்து வந்து சொன்னாய். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். பார்த்தாயா, இந்த இசை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று ஜெபத்தில்கூடச் சொன்னேன். உனக்குப் பதினேழு வயதானபோது ஒரு நாள் காரில், பின்னால் எதையோ பார்த்துக்கொண்டு, "கெர் நம்பவில்லை என்றால் அவர் போட்ட மெட்டு பொய்யாகிவிடுமா அப்பா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. நீ கெரைப் பற்றிக் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அந்த வருடம்தான் குழு கலைவதாக அறிவித்தார்கள். கடைசி நிகழ்ச்சி 2003 நவம்பர் 22, சனிக்கிழமை, கோல்ஃபாக்ஸ் சாலையில் உள்ள ஃபில்மோர் அரங்கில். நம் வீட்டிலிருந்து அரை மணி நேரம். பக்கத்து வீடுகளில் பனி வாரிச் சேர்த்த பணத்தில் டிக்கெட் வாங்கியிருந்தாய். கொண்டுபோய் விடுகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

கார் கிளம்பவில்லை.

அது தானாகக் கெடவில்லை மக்களே. மத்தியானம் நீ குளித்துக்கொண்டிருந்தபோது நான் கராஜுக்குப் போய்ப் பாட்டரியின் வயரைக் கழற்றினேன். பார்த்தால் தெரியாதபடி, முனையின் மேலேயே சும்மா வைத்தேன். திருகாணி துருப்பிடித்திருந்தது, ஸ்பானர் இரண்டு தடவை வழுக்கி விரல் முட்டி உரிந்துவிட்டது. சாயங்காலம் நீ அந்த வெள்ளைச் சட்டையோடு வந்து உட்கார்ந்தாய். நான் சாவியைத் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை. நீ டார்ச்சை எடுத்துக்கொண்டு பானெட்டைத் திறந்து பார்த்தாய். உனக்குக் கார் பற்றி ஒன்றும் தெரியாது. பக்கத்து வீட்டில் கேட்கலாம் என்றாய். இந்த நேரத்தில் யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்றேன். பஸ்ஸில் போகிறேன் என்றாய். ராத்திரி திரும்பி வர முடியாது என்றேன். அரை மணி நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தாய். நான் உள்ளே வந்து வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

உரிந்த விரலை அம்மா பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அன்று இரவின் பாடல்களைப் பதிவு செய்து அடுத்த வருடம் வெளியிட்டார்கள். நீ அதை வாங்கவில்லை என்பதைக் கவனித்தேன். அதற்கு அடுத்த கோடையில் நீ சியாட்டிலுக்குப் படிக்கப் போனாய். டிராம்போனை எடுத்துப் போனாய், அதுவரைக்கும் எனக்கு ஆறுதல்.

பிறகு நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். 2011-ல் அதே நவம்பர் 22 அன்று, எட்டு வருடம் கழித்து, குழு மறுபடியும் கூடுவதாக அறிவித்தார்கள். புது ஆல்பத்துக்காக ரசிகர்களிடம் முப்பதாயிரம் டாலர் கேட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குள் அது சேர்ந்துவிட்டது, கடைசியில் இரண்டு லட்சத்தையும் தாண்டியது. கம்பெனி வேண்டாம், பாட்டு பிடித்தவர்களே முன்பணம் கொடுத்தார்கள். 2013-ல் ஆல்பம் வந்தது, 2021-ல் இன்னொன்று. அக்காள்தான் கணினியில் எடுத்துக் காட்டினாள். திரும்பி வந்தவர்களில் கெரும் இருந்தார், இந்தத் தடவை பேஸ் கிதாரோடு. விசுவாசத்துக்கு அவர் திரும்பவில்லை. குழுவுக்குத் திரும்பினார். மற்றவர்கள் அவரை ஏற்றுக்கொண்டார்கள். அவர் மேடையில் நிற்க, பக்கத்தில் குழுவின் பாடகர் ரீஸ் ரோப்பர் பாடினார்.

அக்காள் அதைக் காட்டிய அன்று உனக்குப் போன் செய்ய எண்களை அழுத்தினேன். அம்மா பக்கத்தில் நின்றாள். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

அந்தக் குழுவினரில் சிலர் 2000-ல் டென்வரில் ஒரு சபை தொடங்கத் துணையாக நின்றார்கள். சபைக்கு 'உலகத்தின் குப்பை' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள் என்று கேள்விப்பட்டு நான் எவ்வளவு பேசினேன்! அது பவுல் கொரிந்தியருக்கு எழுதியது, முதலாம் நிருபம் நான்காம் அதிகாரம், பதின்மூன்றாம் வசனம். எத்தனையோ தடவை வாசித்த இடம். உன்மேல் இருந்த கோபத்தில் எனக்கு அது அடையாளம் தெரியவில்லை.

அம்மாவின் நினைவு ஆராதனையில் திருவிருந்து வேளைக்கு நீ எழுந்து வெளியே போனதை நான் பார்த்தேன். கண்ணாடிக்கு அப்பால் கார்கள் நிற்கிற இடத்தில் கைகட்டி நின்றாய். குளிர், கோட்டு இல்லை. பெரியம்மா கேட்டார்கள். போன் வந்தது, பேசப் போயிருக்கிறான் என்று சொன்னேன். மறுபடியும் பொய்தான். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து 'நலம் அப்பா' என்ற இரண்டு வார்த்தைதான் வருகிறது. ஆறு மாதமாக அதே இரண்டு வார்த்தை. பெற்றவனுக்கு இவ்வளவுதானா என்று கோபம் வரும். பிறகு அந்தக் கராஜ் நினைவுக்கு வரும், கோபம் அடங்கிவிடும்.

அன்று நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். மெட்டு பொய்யாகாது.

அம்மாவின் கீர்த்தனைப் புத்தகத்துக்குள் உன் டிக்கெட் இருந்தது, கிழிபடாமல். இதோடு வைத்திருக்கிறேன். எப்படி அவள் கைக்குப் போனது, எப்போதிலிருந்து வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. ஒரு டப்பா களிம்பும் வைத்திருக்கிறேன், பழையது காய்ந்திருக்கும். துளிதான் தடவ வேண்டும், மறக்காதே.

வருகிற நவம்பர் 22-ஆம் தேதியும் சனிக்கிழமையாகத்தான் இருக்கிறது. அக்காளும் பிள்ளைகளும் இங்கே இருப்பார்கள். சாப்பிடும் முன் ஜெபிப்பேன், அதை என்னால் விட முடியாது. நீ கண்ணை மூட வேண்டும் என்று இல்லை. காருக்குப் போன வாரம் புது பாட்டரி போட்டாயிற்று. விமானம் எந்த நேரத்துக்கு என்று மட்டும் எழுது, நடுராத்திரியானாலும் விமான நிலையத்தில் நிற்பேன்.

அப்பா