அன்னாசித் தோட்டத்தின் மூலப் படம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். லாஸ் ஏஞ்சல்ஸ் கெட்டி (Getty) அருங்காட்சியகத்தில் நீ எடுத்த படங்களைப் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்த்ததில் போன் சூடாகிவிட்டது. ‘சீனப் பேரரசரின் கதை’ என்ற அந்த டேப்பஸ்ட்ரி (படம் நெய்த சுவர்த்திரை) வரிசையில் எனக்குப் பிடித்தது அன்னாசி பறிக்கிற காட்சிதான். பிரான்சில் போவே ஊர்த் தறிக்காரர்களுக்கு 1700 வாக்கில் சீனா எப்படித் தெரிந்தது என்று கேட்டிருந்தாய்.

அவர்களுக்குத் தெரியாது. மாதிரி வரைந்து கொடுத்த வெர்னன்சால், மொனுவாயே ஓவியர் கூட்டமும் சீனா போனவர்கள் இல்லை. புத்தகத்தைப் பார்த்து வரைந்தார்கள். யோஹான் நியூஹோஃப் 1655–57இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனித் தூதுக்குழுவோடு பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்) போய்வந்தவர். அவருடைய பயண நூல் 1665இல் ஆம்ஸ்டர்டாமில் வந்தது. அதில் அன்னாசிச் செடிகூட உண்டு. 1667இல் சீனாவைப் பற்றிக் கிர்ஷர் பாதிரியார் எழுதின நூல் வந்தது. அந்த மனுஷர் ரோமில் உட்கார்ந்தபடியே எழுதினார்! வானியலாளர் காட்சியில் நீண்ட தாடியோடு நிற்கிறவர், சீன அரசவையில் இருந்த ஆடம் ஷால் பாதிரியார். அவர் படம் கிர்ஷர் நூலில் இருக்கிறது.

ஆனால் புத்தகம் கிடைத்ததும் ‘மூலம் கிடைத்துவிட்டது’ என்று மூடி வைத்துவிடாதே. பாரிஸ் தேசிய நூலகத்தில் நியூஹோஃபின் கையெழுத்துப் பிரதி இருக்கிறது. அதிலுள்ள படங்கள் வெறும் கோடும் கரையுமாக, சாதாரணமாக இருக்கும். அச்சுக்குப் போகும்போது பதிப்பாளரின் ஆட்கள் பனை வகை மரங்களையும் ஆட்களையும் சேர்த்து அழகு பண்ணினார்கள். நெசவாளிக்கு வந்து சேர்ந்தது அந்த அழகு பண்ணின சீனா. எனக்கென்னவோ அந்தச் சாதாரணக் கோடுதான் பிடிக்கிறது.

இன்னொன்று. போவேயில் படுக்கைத் தறி, அதாவது பாவு கிடையாக இருக்கும். முழு அளவு மாதிரிப் படத்தை (அதற்குத்தான் கார்ட்டூன் என்று பெயர்) கீற்றுகளாக வெட்டிப் பாவு நூலுக்கு அடியில் வைத்து, பின்பக்கத்திலிருந்து நெய்வார்கள். அறுத்து எடுத்துத் திருப்பினால் இடம் வலமாகியிருக்கும். புத்தகப் படம் அச்சடிக்கிற செப்புத் தகட்டிலும் இதே கூத்துதான்; செதுக்கினது தாளில் மாறி விழும். அதனால் புத்தகப் படத்தையும் திரையையும் ஒப்பிடும்போது ஒன்றைப் புரட்டியும் பார்த்துவிடு. நான் பீரோ கண்ணாடி முன் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அம்மா சிரிக்கிறாள்.

நான் போர்டு எழுதின காலத்தில் ஒரு ஜவுளிக்கடைக் கண்ணாடியில் உள்பக்கமாக நின்று எழுதினேன். திருப்பி எழுத மறந்துபோய், கல்லாவில் இருந்த முதலாளிக்கு மட்டும் பெயர் நேராகத் தெரிந்தது. அன்றைய கூலி போச்சு. அதிலிருந்து யாராவது படம் காட்டினால் எந்தக் கையில் கத்தி இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

சரி, கடைசியாக ஒரு வேலை. இந்த நியூஹோஃப் பிறகு நம்ம தூத்துக்குடிக்கும் வந்து கம்பெனி உத்தியோகம் பார்த்தவர். அவர் இறந்த பிறகு 1682இல் வந்த கிழக்கிந்தியப் பயண நூலில் நம் ஊர்ப் படமும் இருக்கிறது. அங்கே நூலகத்தில் கிடைத்தால் அதில் நிற்கிற மரத்தைப் பார். பனையா, தென்னையா, இல்லை ஆம்ஸ்டர்டாம்காரன் கைச்சரக்கா என்று எழுது.

அன்புடன்,
அப்பா