வேத ஆராய்ச்சி வட்டம், பாளையங்கோட்டை: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் ஆயர் ஐயா அவர்களுக்கும், வட்டத்தின் சகோதர சகோதரிகளுக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

வழக்கம்போல இரண்டாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூடினோம். டிசம்பரில் மட்டும் கிறிஸ்துமஸ் வேலைகளால் கூட்டம் இல்லை. 2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் முதன்முறையாக ஒரு மனிதரின் மூளையில் கணினிச் சில்லு பொருத்திய செய்தி வந்ததிலிருந்து, மனிதனைத் தொழில்நுட்பத்தால் மேம்படுத்துவதைப் பற்றி வேதம் என்ன சொல்கிறது என்று வாலிபர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதையே ஆண்டு முழுவதற்கும் பொருளாக எடுத்துக்கொண்டோம்.

ஜீவன் பரிபூரணப்படவே வந்தேன் என்று இயேசு சொல்லும் யோவான் 10:10-இல் தொடங்கினோம். பரிபூரண ஜீவன் என்றால் கூடுதல் ஆயுளா, கூடுதல் நினைவாற்றலா? இரண்டாம் நூற்றாண்டு ஆயர் இரேனியு, உயிரோடிருக்கும் மனிதனே தேவனுடைய மகிமை என்றார். பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அவரோ, மனிதனின் ஜீவன் தேவனைத் தரிசிப்பது என்று வாக்கியத்தை முடிக்கிறார். பின்பாதியை விட்டுவிட்டால் முன்பாதி எந்த விளம்பரத்துக்கும் பொருந்திவிடும்.

ஜனவரிக் கூட்டம்தான் சூடு பிடித்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஹீமோஃபிலியா என்னும் ரத்தம் சரியாக உறையாத நோயுள்ள ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை அளித்து, அதன்பின் அவர்களுக்கு ரத்தப்போக்கே ஏற்படவில்லை என்று 2024 டிசம்பரில் அறிவித்திருந்தார்கள். அதை ஸ்தோத்திரத்தோடு வாசித்தோம். அப்புறம் சீனாவில் ஹே ஜியான்குய் என்ற விஞ்ஞானி 2018-இல் கருவிலேயே மரபணுவைத் திருத்தி இரட்டைக் குழந்தைகளைப் பிறக்கவைத்ததைப் பேசினோம். முதலாவது, நோயாளியே சம்மதித்துப் பெற்றுக்கொண்ட சிகிச்சை. இரண்டாவது, அந்தக் குழந்தைகளைக் கேட்காமல் அவர்களுடைய சந்ததிக்கும் போகக்கூடிய மாற்றம். 2008-இல் வத்திக்கான் வெளியிட்ட ‘டிக்னித்தாஸ் பெர்சோனே’ ஆவணமும் இந்த வேறுபாட்டைக் காட்டி, சிகிச்சை நோக்கமில்லாத மரபணு மாற்றத்தை மறுக்கிறது.

அப்போது ஓர் அக்கா, “தடுப்பூசியும் நோயில்லாத உடம்பைப் பலப்படுத்துவதுதானே?” என்று கேட்டார். சரியான கேள்வி. சிகிச்சை, மேம்பாடு என்று கோடு கிழித்துவிட்டால் போதாது என்பது அன்று புரிந்தது. தடுப்பூசி எல்லோருக்கும் கிடைக்கிறது, பக்கத்து வீட்டுக் குழந்தையையும் காக்கிறது. காசுள்ளவன் பிள்ளையை மட்டும் உயர்த்தும் நுட்பத்தை அதோடு சேர்க்க முடியாது. பலவீனரை நம் நடுவிலிருந்து விலக்கும் எதுவும் பரிபூரணம் அல்ல என்பது என் உறுதியான எண்ணம். உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் சரீரத்திலும் காயங்கள் இருந்தன. அமெரிக்க இறையியலாளர் நான்சி ஐஸ்லண்ட், மாற்றுத்திறனாளிகளின் இறையியலை 1994-இல் அந்தக் காயங்களிலிருந்தே தொடங்கி எழுதினார்.

அதனால்தான் சுவெய்ன்சன் அம்மையார் நம் ஊரில் தொடங்கிய காது கேளாதோர் பள்ளியின் முன்னாள் மாணவர்களை பிப்ரவரிக் கூட்டத்துக்கு அழைத்தோம். ஆறு வயதுக்குள் அரசு காப்பீட்டில் காக்ளியர் கருவி (ஒலி கேட்க உட்காதில் பொருத்தும் கருவி) பொருத்துவதைச் சிலர் வரவேற்றார்கள். ஒரு சகோதரி மட்டும், காது கேளாதது தனக்குக் குறையாகத் தெரியவில்லை, பிரசங்கம் புரியாமல் உட்கார்ந்திருப்பதுதான் வலிக்கிறது என்று சைகையில் சொன்னார். கூடம் அமைதியாகிவிட்டது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். புத்தகங்களை இரவல் எடுத்தவர்கள் தயவுசெய்து திருப்பித் தரவும்.

ஞாயிறு ஆராதனைக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் ஒருவரை நியமிக்கும்படி சபைக் கமிட்டிக்கு மார்ச் மாதம் எழுதினோம். பதில் இன்னும் வரவில்லை. இப்பொதுக்குழு அதைத் தீர்மானமாகவே நிறைவேற்றி அனுப்ப வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

கர்த்தருடைய பணியில்,
செயலர்