பெருக்குகிற நேரத்தை மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேடவாக்கத்திலிருந்து கோவிலம்பாக்கம், கீழ்க்கட்டளை வழியாகப் பரங்கிமலை ஸ்டேஷன்வரை ஸ்கூட்டியிலும், அங்கிருந்து மின்சார ரயிலில் பாரிமுனைக்கும் தினமும் வேலைக்குப் போகிறேன். எனக்குப் பல வருஷமாகத் தூசி அலர்ஜி. மாதவரம் - சோழிங்கநல்லூர் மெட்ரோ தடம் எங்கள் சாலை வழியாகத்தான் வருகிறது. சீக்கிரம் வரட்டும், முதல் ஆளாக ஏறுவேன். அதுவரை சாலையோரம் குவிகிற மண்ணுக்கு ஒரு வழி செய்யுங்கள் என்றுதான் எழுதுகிறேன்.

ராத்திரி லாரிகளிலிருந்து சிந்தும் ஈரமண், காலை வெயிலில் காய்ந்து தடுப்புத் தகரத்தை ஒட்டி மாவாகக் கிடக்கிறது. ஒரு பஸ் போனால் போதும், முழுவதும் கிளம்பிவிடும். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கினாலும் தாடைக்குக் கீழே புகுந்துவிடுகிறது. அடுக்குத் தும்மல் பிடித்தால் ஒவ்வொன்றுக்கும் கண் தானாக மூடிக்கொள்ளும். பின்னால் தண்ணீர் லாரி வரும் நேரத்தில் அது உயிருக்கே ஆபத்து. அதனால் மூக்கு அரிக்கத் தொடங்கியதுமே ஓரங்கட்டி நின்றுவிடுகிறேன்.

எங்களால் முடிந்ததைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். துணி மாஸ்க் நுண்தூசியைத் தடுக்காது. என்95 மாஸ்க்கை மூக்குத்தண்டில் நன்றாக அழுத்திப் போட்டால் பலன் தெரிகிறது. வீடு திரும்பியதும் கொதித்து ஆறிய நீரில் உப்புக் கரைசல் செய்து மூக்கைக் கழுவுகிறேன். டாக்டர் எழுதிக்கொடுத்த ஸ்பிரேயைத் தினமும் அடித்தால்தான் வேலை செய்யும். செட்டிரிசின் மாத்திரை தூக்கம் வரவழைக்கும், போட்டுக்கொண்டு வண்டி எடுக்கக் கூடாது. மூக்கடைப்புக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தை வாரக்கணக்கில் விட்டுக்கொள்கிறவர்களை ரயிலில் பார்க்கிறேன். சில நாளைக்கு மேல் போனால் அதுவே மூக்கை இன்னும் அடைத்துவிடும். தயவுசெய்து டாக்டரைப் பாருங்கள்.

ஆனால், காலை எட்டரை மணிக்கு, பள்ளி வேனும் ஆபீஸ் கூட்டமும் நெருக்கியடிக்கும்போது, காய்ந்த மண்ணைத் துடைப்பத்தால் பெருக்கினால் எந்த மருந்து கேட்கும்? பெருக்குகிற அக்காக்கள் முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு இருமுகிறார்கள். நாங்கள் சில நிமிஷத்தில் கடந்துவிடுகிறோம், அவர்கள் அந்தப் புழுதியிலேயே நிற்கிறார்கள். குவித்த மண்ணை அள்ள வண்டியும் வருவதில்லை. சாயங்காலத்துக்குள் அது பழையபடி சாலையெங்கும் பரவிவிடுகிறது.

கட்டுமான இடங்களில் மண்ணை மூடாமல் போடக் கூடாது, தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2018 ஜனவரியிலேயே விதி கொண்டுவந்திருக்கிறது. அதைத்தான் கேட்கிறோம். மண் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டட்டும். சக்கரத்தைக் கழுவிய பிறகே வண்டியைச் சாலைக்கு விடட்டும். பெருக்குவதை ராத்திரிக்கு மாற்றி, தண்ணீர் தெளித்துப் பெருக்கி, அப்போதே அள்ளிக்கொண்டு போகட்டும். அதற்கு நாளாகுமென்றால், அந்த அக்காக்களுக்கு நாளைக்கே நல்ல மாஸ்க் கொடுக்கலாமே.

இப்படிக்கு,
வாசகி, மேடவாக்கம்